‘இதர’ என்ற தலைப்பில் நாற்பது லட்சம் டன்

கோவையில் ஒரு கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிற தோழி ஒருத்தி போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு நாடுவாரியாக வெளியிடும் உணவு இருப்புநிலைக் குறிப்பிலிருந்து வெட்டி எடுத்த நாலைந்து வரிகள். நாடு நைஜீரியா. பொருள் ‘ஆரஞ்சு, மாண்டரின்’. உள்நாட்டு உற்பத்தி என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. தலைக்கு இத்தனை கிலோ என்ற கட்டத்தில் பேருக்கு ஒரு சின்ன எண். கீழே அவள் கேள்வி: “நீ நாலு வருஷம் அங்கே இருந்தியே, அந்த ஊர்க்காரங்க ஆரஞ்சே சாப்பிட மாட்டாங்களா?”

“யார் சொன்னது?” என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் படம் மனதைவிட்டுப் போகவில்லை. அபுஜாவில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, மாதம் ஒருமுறையாவது கெஃபி, அக்வாங்கா, லாஃபியா வழியாக மகுர்டிக்குப் போவேன். பெனுவே மாநிலத்தின் தலைநகர் அது. டிசம்பர், ஜனவரியில் அங்கிருந்து பொக்கோ பக்கம் வண்டியைத் திருப்பினால் சாலையின் இரு மருங்கிலும் ஆரஞ்சு குவிந்து கிடக்கும். கூடை இல்லை, பெட்டி இல்லை, வெறும் மண் தரையில் இடுப்புயரக் குவியல்கள். லாரிகள் வரிசையாக நிற்கும். பையன்கள் இரண்டு இரண்டு பழமாக எண்ணி மேலே எறிய, லாரியில் நிற்பவர் பிடித்து அடுக்குவார். அத்தனையும் கானோவுக்கும் அபுஜாவுக்கும் லாகோஸுக்கும் போகிற சரக்கு. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே நாட்டுக்கு எதிரே, அதே பழத்துக்கு, வெற்றுக் கட்டம். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கணக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு இப்படி ஒரு முரண் கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டுத் தூங்க முடியாது. மூன்று இரவு அந்தத் தரவுத் தளத்தில் உட்கார்ந்தேன்.

பிளேடும் சுருளும்

அதற்குமுன் அந்தப் பழத்தைச் சொல்லிவிடுகிறேன். மகுர்டியில் வுருக்கும் சந்திப்பை ஒட்டி ஒரு அம்மா கடை போட்டிருப்பார். கடை என்றால் ஒரு மர மேசை, ஒரு எனாமல் பேசின், ஒரு பிளேடு. நான் அவரை ‘மம்மா’ என்பேன், அவர் என்னை ‘ஓகா’, அதாவது முதலாளி, என்பார். முதல் நாள் அவர் மேசையைப் பார்த்துவிட்டு, எல்லாம் பச்சையாக இருக்கிறதே, பழுக்கவில்லையே என்று கேட்டேன். வெப்ப நாட்டு ஆரஞ்சு அப்படித்தான். தோலின் பச்சை மறைந்து மஞ்சள் ஏற வேண்டுமென்றால் இரவுகள் குளிர வேண்டும். அங்கே அந்த அளவுக்குக் குளிராது. தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே சர்க்கரைபோலப் பழுத்திருக்கும்.

அவர் தோல் சீவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காம்புப் பக்கம் பிளேடை வைப்பார். பிளேடு நகராது, இடது கையில் பழம்தான் சுழலும். பச்சைத் தோல் மட்டும் நாடா போல ஒரே சுருளாக மடியில் இறங்கும். அதற்கு அடியிலிருக்கும் வெள்ளைப் பஞ்சு முழுசாக நிற்க வேண்டும். அதில் பிளேடு ஆழமாகப் பட்டால் அமுக்கும்போது பழம் பிளந்துவிடும். கடைசியில் தலையில் ஒரு வெட்டு, மூடி போல. வாங்கியவர் மூடியை எடுத்துவிட்டு, பழத்தை அமுக்கி அமுக்கி உறிஞ்சுவார். சாறு தீர்ந்ததும் சக்கை சாலையோரக் குப்பையில் விழும். பெரும்பாலும் அங்கே ஆரஞ்சைச் சாப்பிடுவதில்லை, குடிக்கிறார்கள். இதுவும் கணக்கில் பின்னால் வரும்.

வரி மாறியிருந்தது

உணவு இருப்புநிலைக் குறிப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஒரு நாட்டின் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பு ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்கிறார்கள். அதிலிருந்து தீவனம், விதை, பதப்படுத்தல், இழப்பு, உணவல்லாத இதரப் பயன்பாடு எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது உணவு. அதை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை கிலோ. 1949ல் முதல் அறிக்கை வந்ததிலிருந்து அடிப்படை இதுதான். கவனியுங்கள், உணவு என்பது இங்கே யாரும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்த எண் இல்லை. கழித்துக் கழித்து மிஞ்சும் எண்.

சிட்ரஸ் குடும்பத்துக்கு அந்தக் குறிப்பில் நான்கு வரிகள்: ஆரஞ்சு–மாண்டரின், எலுமிச்சை வகை, கிரேப்ஃப்ரூட், கடைசியில் ‘இதர சிட்ரஸ்’. முதல் இரண்டு இரவும் நான் முதல் மூன்று வரிகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டை மாற்றினேன், பழைய தொடருக்குப் போனேன், புதிய தொடருக்கு வந்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாம் இரவுதான், கணக்குப் பிரிவில் என் முதல் மேலாளர் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம் நினைவுக்கு வந்தது. எந்த நிறுவனத்தின் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பைப் பார் என்பார் அவர். சம்பளமும் வாடகையும் யாரும் மறைக்க மாட்டார்கள். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாததெல்லாம் இதரவில்தான் போய் விழும். அந்தத் தலைப்பு மற்ற தலைப்புகளைவிடப் பெரிதாக இருந்தால் பேனாவைக் கீழே வைக்காதே.

இதர சிட்ரஸ் என்ற நான்காவது வரியைச் சொடுக்கினேன். நைஜீரியா, உற்பத்தி: ஏறக்குறைய நாற்பது லட்சம் டன்.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொக்கோ சாலையின் குவியல்கள், வுருக்கும் மம்மாவின் மேசை, லாகோஸ் நெரிசலில் கார்களுக்கு நடுவே தலையில் தட்டுடன் ஓடும் பிள்ளைகள், எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் இருந்தது. இதர சிட்ரஸ் உற்பத்தியில் உலக அளவில் முன்னணியில் நிற்கும் நாடுகளில் நைஜீரியா ஒன்று. அதை மட்டும் படிப்பவர் அங்கே ஏதோ பெயர் தெரியாத அரிய பழம் விளைகிறது என்றுதான் நினைப்பார். விளைவதோ பெரும்பாலும் சாதாரண இனிப்பு ஆரஞ்சு. வாலன்சியா, வாஷிங்டன் நேவல், இபாடான் ஸ்வீட், அகெகே என்று ரகம் ரகமாகப் பெயரிட்டு, இபாடானில் 1975ல் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அத்தனை வருஷமாக ஆய்வு செய்துவரும் பழம். நைஜீரியாவின் கணக்கு ‘சிட்ரஸ்’ என்று மொத்தமாக வருவதால், ரோமில், உணவு வேளாண் அமைப்பின் தலைமையகத்தில் இருப்பவர்கள் அதை ஆரஞ்சு என்றும் எழுத முடியாது, எலுமிச்சை என்றும் எழுத முடியாது. வேறெங்கும் சேராதது என்ற பெட்டியில் போட்டார்கள். அவர்கள் விதிப்படி அதுதான் சரி. விதி சரியாக இருந்தும் ஒரு நாட்டின் முக்கியமான பழம் பெயரில்லாமல் போய்விட்டது. என்னால் இதைச் சிறு விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் தோழி மாதிரி எத்தனை பேர் ஆரஞ்சு என்ற வரியை மட்டும் பார்த்து, இந்த நாட்டில் ஆரஞ்சு கிடையாது என்று பாடம் நடத்தியிருப்பார்கள்?

மொத்தமாக ஏன் எழுதினார்கள் என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. வடக்கே ஹௌசா மொழியில் ஆரஞ்சுக்கு ‘லெமு’ என்று பெயர். எலுமிச்சையும் லெமுதான், புளிப்பு லெமு. கடையில் வாங்கும் குளிர்பானத்தைக்கூட லெமு என்கிறார்கள். யொரூபாவில் ‘ஒசான்’ என்றாலும் இப்படித்தான், அடைமொழி சேர்த்தால்தான் எந்தப் பழம் என்று பிரியும். கிராமத்தில் கணக்கெடுக்கப் போகிறவர் தோட்டத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் வரும் பதில் ஒற்றைச் சொல். நம் மொழியில் நிலைமை நேர்மாறு. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, பம்பளிமாஸ், கிடாரங்காய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வீட்டில் புழங்கும் சொல்தான் இல்லை. கேள்வித்தாள் எந்த மொழியில் யோசிக்கிறதோ அதன்படிதான் விடையும் வரும்.

யார் எண்ணியது

சரி, எண் கிடைத்துவிட்டது. அப்புறம் அதற்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்தேன். அந்தத் தரவுத் தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி உண்டு, அரசு கொடுத்தது, மதிப்பிட்டது, கணித்து நிரப்பியது என்று. நைஜீரிய சிட்ரஸுக்கு எதிரே பல ஆண்டுகளில் இருப்பது மதிப்பீட்டுக் குறிதான். எண்களை வரிசையாக வைத்துக் கோடு போட்டால் முப்பது லட்சத்திலிருந்து நாற்பது லட்சத்தை நோக்கி அலுங்காமல் ஏறுகிறது. மழை பொய்த்த வருஷமும் பூச்சி விழுந்த வருஷமும் அதில் தெரியவில்லை. மரப்பயிர் இப்படி நடந்துகொள்ளாது என்று தோட்டம் வைத்திருக்கும் யாரும் சொல்வார்கள்.

குறை சொல்லும் முன் அந்த வேலையின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஜாரியாவில் அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் வேளாண் விரிவாக்க நிறுவனம் ஆண்டுதோறும் மாநிலம் மாநிலமாகப் போய் விளைச்சல் நிலவரம் பார்க்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் வேளாண் வளர்ச்சித் திட்ட அலுவலகம் இருக்கிறது. ஆனால் நாடு முழுவதுக்குமான வேளாண் மாதிரிக் கணக்கெடுப்பு 1993–94க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து 2022ல்தான் மறுபடி தொடங்கியது. பெனுவேயின் உஷோங்கோவிலும் வாண்டெய்க்யாவிலும் ஆரஞ்சு ஒரே சீராக நட்ட தோப்பில் மட்டும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பத்து மரம், வள்ளிக்கிழங்குக்கும் மரவள்ளிக்கும் நடுவில் இருபது மரம், தாத்தா நட்டது, இப்போது பாதி காய்ப்பு நின்றது. இதில் ஏக்கர் எது, விளைச்சல் எது? வியாபாரி வந்து லாரிக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். எடைத் தராசு எந்த இடத்திலும் நுழைவதில்லை.

கீழே உதிர்ந்து கிடப்பதும், பறிக்காமல் விட்டதும் உற்பத்தியில் சேராது. பறித்தது மட்டும்தான் உற்பத்தி. விலை சரிந்த வருஷம் பறிகூலிக்குக் கட்டாது என்று விட்டுவிடுவார்கள். 2018 தொடக்கத்தில் குமா, லோகோ பகுதிகளில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு பெனுவேயில் எத்தனையோ குடும்பங்கள் முகாமுக்குப் போய்விட்டன. மரம் முகாமுக்கு வராது. அது நின்ற இடத்தில் நின்று காய்த்துக்கொண்டிருக்கும், பறிக்க ஆளில்லாமல். அமைதியாக ஏறும் அந்தக் கோட்டில் இதற்கெல்லாம் ஒரு பள்ளம்கூட இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

வகுக்கும் எண்ணும் இதே கதைதான். நைஜீரியாவின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2006ல் நடந்தது, 14.04 கோடி. 2023ல் நடக்கவிருந்தது தள்ளிப்போனது. ஐ.நா. மதிப்பீடு 2023க்கு 22.8 கோடி என்கிறது. மேலே மதிப்பீடு, கீழே மதிப்பீடு. நாற்பது லட்சம் டன்னை 22.8 கோடியால் வகுத்தால் ஆளுக்கு வருஷத்துக்குப் பதினேழரை கிலோ, ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் எண்ணிக்கை இரண்டு கோடி குறைவென்று வைத்தால் அதுவே பத்தொன்பது கிலோவுக்கு மேல். ஒரு பழம்கூடக் கூடுதலாக விளையாமல், ஒவ்வொருவரும் ஒன்றரை கிலோவுக்கு மேல் அதிகமாகச் சாப்பிட்டதாக ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் பழமும் காய்கறியுமாக நாளுக்கு 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. அதில் இந்த ஐம்பது கிராம் எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள். அது இதரவில் கிடக்கிறது.

ஒரு கூறு

இதற்கு மாற்றாக வேறொரு கணக்கு உண்டு. நைஜீரியப் புள்ளியியல் அலுவலகம் உலக வங்கியோடு சேர்ந்து 2010லிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களை நேரில் பார்த்து, போன ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறது. அங்கே ஆரஞ்சு தன் பெயரிலேயே இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அளவுகள். கிலோ என்று மட்டும் கேட்பதில்லை. ஒற்றைப் பழம், சின்னது, நடுத்தரம், பெரியது. கூறு, சின்னது, நடுத்தரம், பெரியது. சந்தையில் யாரும் கிலோவில் ஆரஞ்சு வாங்காத நாட்டில் கூறு என்பதை ஓர் அளவாக ஒப்புக்கொண்டு, அது சராசரியாக எவ்வளவு எடை என்று தனியாகப் பார்க்கிறார்கள். நட்டபின் ஒருமுறை, அறுத்தபின் ஒருமுறை என்று ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போகிறார்கள். ஆரஞ்சுக்கு இது ரொம்ப முக்கியம். ஜனவரியில் போய்க் கேட்டால் வீடெல்லாம் ஆரஞ்சு, ஆகஸ்டில் கேட்டால் அனேகமாக இருக்காது. வருஷத்துக்குப் பதினேழரை கிலோ என்ற எண் பன்னிரண்டு மாதமும் கையில் ஒரு பழம் இருப்பதுபோல ஒரு தோற்றத்தைக் கொடுக்கிறது. ஆரஞ்சு விளையும் பெனுவே வீட்டையும் வடகிழக்குக் கோடியிலுள்ள மைதுகுரி வீட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. 2023 மே மாதக் கடைசியில் பெட்ரோல் மானியம் போய், லிட்டர் 200 நைராவுக்குள் இருந்தது சில நாளில் 500ஐத் தாண்டியது. லாரி வாடகை ஏறியதும் வடக்கே போகும் கூறு எவ்வளவு சுருங்கியிருக்கும் என்பது ரோம் கணக்கில் வராது. வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் வரும்.

இழப்பு என்ற கட்டத்தைப் பற்றி ஒரு சம்பவம். ஒருமுறை எங்கள் வண்டி வுருக்கும் பக்கத்தில் நின்றுபோய், பழுது பார்த்து முடிக்க மதியம் முழுவதும் ஆனது. மம்மாவின் மேசைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். புதிதாக வந்த ஒரு மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். நான் சும்மா இருக்க முடியாமல் எண்ண ஆரம்பித்தேன். அவர் எண்ணவில்லை, கை தானாகவே பிரித்துக்கொண்டே போனது. பெரியது பேசினுக்கு, சீவி விற்க. சின்னது மேசைக்கு, நான்கு நான்காகக் கூறு கட்ட. அடிபட்டதும் பூஞ்சை ஏறியதும் காலடிக்கு. கொட்டி முடித்தபோது ஐந்தில் ஒன்று போலக் காலடியில் கிடந்தது. “எப்போதும் இவ்வளவா போகும்?” என்றேன். “இது நல்ல மூட்டை, ஓகா” என்றார். காலடியில் இருந்ததிலும் பாதி வீணாகவில்லை. நல்ல பக்கத்தை வெட்டி எடுத்துப் பக்கத்துக் கடைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். மிச்சத்தை ஓர் ஆடு வந்து தின்றது.

ஒரு மூட்டையை வைத்து நாட்டுக்குக் கணக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கட்டம் எப்படி நிரம்புகிறது என்று படித்தபோது அந்த மதியம்தான் நினைவுக்கு வந்தது. அளந்த தகவல் இல்லாத இடத்தில் இழப்பை மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். மலிந்த வருஷமும் அரிதான வருஷமும் ஒரே சதவீதம். உறிஞ்சிவிட்டு எறிந்த சக்கை இழப்பில் வராது, அது உணவில்தான் சேரும். ஆடு தின்றது தீவனம் என்ற கட்டத்தில் வர வேண்டும். பிள்ளைகள் தின்ற அரைப் பழம் எங்கே?

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. ஆரஞ்சு–மாண்டரின் வரியில் அந்தச் சின்ன எண் எப்படி வந்தது? சில்லறைப் பெட்டியில் அடைத்த பழச்சாற்றை இறக்குமதி செய்ய நைஜீரியாவில் தடை உண்டு. அடர்த்தியாக்கிய சாறு உள்ளே வரும், அங்கேயே தண்ணீர் சேர்த்துப் பெட்டியில் அடைப்பார்கள். இருப்புநிலைக் குறிப்பு அந்தச் சாற்றைத் திருப்பிப் பழமாக்கி, இத்தனை டன் ஆரஞ்சுக்குச் சமம் என்று ஆரஞ்சு வரியில் எழுதும். ஆக, கடல் கடந்து வந்த சாறு ஆரஞ்சு என்ற பெயரில் இருக்கிறது. பொக்கோ சாலையில் மண்ணில் குவிந்த பழம் இதர என்ற பெயரில் இருக்கிறது. பெனுவேப் பழத்தைப் பிழிந்து அடர்சாறு எடுக்க மகுர்டியிலேயே ஓர் ஆலை 2012ல் திறக்கப்பட்டது, அப்போது பெரிய செய்தி. அதற்குப் பிறகும் பருவத்தில் குவியல்கள் அழுகுவது நிற்கவில்லை. எந்த ஊரில் எத்தனை டன், எந்த மாதத்தில், எவ்வளவு அழுகுகிறது என்று சொல்ல நம்பகமான எண் இல்லாமல் ஆலை போடுகிறவர் எதை நம்பிப் போடுவார்? தொகை சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் பெயராவது சரியாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

தோழிக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். நான்காவது வரியைச் சேர்த்துக்கொள், அடிக்குறிப்பில் இதில் பெரும்பகுதி ஆரஞ்சு என்று போடு, மேலும் கீழும் மதிப்பீடுதான் என்று எழுது, முடிந்தால் வீட்டுக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வை என்று. அவள் மறுநாள் கூப்பிட்டாள். எல்லாம் சேர்த்துவிட்டதாகவும், மாணவிகளிடம் நான்கு வரிகளையும் பிரித்துக் கொடுத்து நைஜீரியாவின் ஆரஞ்சைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அப்புறம் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டாள், தோல் சுருளை என்ன செய்வார் என்று.

மேசைக்கு அடியில் ஒரு தகரத்தில் சேர்த்து வைப்பார். வெயிலில் நாலு நாள் காய்ந்தால் சுள்ளி மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் கொசு வரும் நேரத்துக்கு அதில் ஒரு பிடி எடுத்துத் தணலில் போடுவார். புகை மேசையைச் சுற்றி எழும், எலுமிச்சையும் கரியும் கலந்த வாசனையோடு. அந்தத் தோலுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்: உணவல்லாத இதரப் பயன்பாடு. நைஜீரிய சிட்ரஸுக்கு அதில் என்ன எண் இருக்கிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.